பின்பக்கம் காட்டும் கண்ணாடி

நவம்பர் 11, செவ்வாய்

ஞாயிறு கொட்டிய ஸ்நோ இன்னும் சலூன் கடை வாசலில். நானே வழித்தேன். உப்பு முடிந்துவிட்டது.

வாங்க வேண்டியவை: உப்பு, பின்கதவுக்கு பல்ப், கறுப்புச் சாயம், கோப்பி. கோப்பி யாருக்கு? நான் தேத்தண்ணிக்காரி. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

முதல் தடவையாகத் தனியாகத் திறந்தேன். கடைக்காரி இலோனா ஞாயிறு காலை ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார். இதயம். ஒரு கிழமைதான் படுக்கை, அதுவரை கடையும் பூட்டு. சனி பின்னேரம் போனபோது மூக்கில் குழாயோடு என் தலையைத்தான் பார்த்தார். "யாசிந்தா, உன்ரை நுனி எல்லாம் வெடிச்சுப் போச்சு. வெட்டு." என்னிடம் சொன்ன கடைசிச் சொல் அது. ஒரு ஆசீர்வாதம் சொல்லியிருக்கலாம், மனுசி.

(இலோனா பேசியது உடைந்த இங்கிலிஷ். எனக்கு அது தமிழில்தான் எழுத வருகிறது. ஜசிந்தா என்று பெயர் வைத்த என்னைப் பதினொரு வருடமும் யாசிந்தா என்றுதான் கூப்பிட்டார். ஹங்கேரி மொழியில் 'ஜே' எழுத்தை 'ய' என்றுதான் சொல்வார்களாம்.)

கடையில் மூன்று கதிரை. முதலாவது அவருடையது. இரண்டாவது என்னுடையது. மூன்றாவது ஒருவருக்கும் இல்லை. அது அவருடைய மகள் மாரிக்காவின் கதிரை. ஒன்பது வருடமாக அதில் ஒருவரும் இருந்ததில்லை, சனிக்கிழமை ஆட்கள் வரிசையில் நின்றாலும். தினமும் துடைப்போம்.

பத்து மணிக்கு, உடலை வைத்திருக்கிற மலர்ச்சாலையிலிருந்து போன். இலோனா எல்லாவற்றையும் முன்பே ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார்: பெட்டி, பூசை, குழி. பெட்டி மூடியபடிதான், ஒருவருக்கும் முகம் காட்டக் கூடாது. தலை அலங்காரம் மட்டும் நான் செய்ய வேண்டும். வேறு ஒருத்தரும் தொடக் கூடாதாம். வியாழன் காலை வரச் சொன்னார்கள்.

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இலோனா தன் வாடிக்கைக்காரர் செத்தால் அவரே மலர்ச்சாலைக்குப் போய்த் தலை செய்துவிட்டு வருவார். "கடைசி அப்பொயின்ட்மென்ட்" என்பார். கிழவிகள் சாகுமுன்னே சொல்லி வைத்துவிடுவார்கள், இலோனாதான் வேண்டும் என்று. என்னையும் கூப்பிடுவார். பையைக் கார் வரைக்கும் தூக்கிக் கொடுப்பேன், அவ்வளவுதான். செத்த முகம் பார்க்க என்னால் ஏலாது. செத்த வீடுகளிலும் கடைசி வரிசையில் இருந்து செபமாலை உருட்டிவிட்டு வந்துவிடுவேன்.

மத்தியானம் கண்ணாடிகளை மூடினேன். இது ஹங்கேரிக்காரர் வழக்கம். ஆறு வருடத்துக்கு முன் அவருடைய அம்மா ஹங்கேரியில் செத்தபோது, போக வழியில்லாமல், கடைக் கண்ணாடி எல்லாவற்றையும் கட்டில் விரிப்பால் மூடிவிட்டு அன்று முழுக்க வேலை செய்தார். வந்த சனம் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு இருந்து தலை வெட்டிக்கொண்டு போனது. "போகிற ஆன்மா கண்ணாடியில தன்னைக் கண்டுட்டால் அதுக்குள்ளேயே நிண்டுடும். பிறகு போகாது. பாவம்." முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

என்னிடம் அவ்வளவு விரிப்பு இல்லை. முடி வெட்டும்போது கழுத்தில் கட்டுகிற கறுப்புத் துணிகளைக் கவ்விகளால் மாட்டினேன். மூன்று கண்ணாடியும் கறுப்பு. கழுவுகிற இடத்தில் உள்ள சின்னதும். கடையே கண்ணை மூடிக்கொண்ட மாதிரி.

நல்லதாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். புதைக்கும் வரைக்கும் இப்படியே.


நவம்பர் 12, புதன்

கண்ணாடி இல்லாமல் வேலை. கை தானாகச் செய்கிறது. ஆனால் ஆட்களோடு கதைக்கத்தான் கஷ்டம். இத்தனை வருடமும் கண்ணாடிக்குள் பார்த்துக் கதைத்திருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது. இன்று எல்லோருடைய உச்சந்தலையோடும் கதைத்தேன்.

புஷ்பம் அன்ரி புருவம் எடுக்க வந்தார். மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் மாறி.

"எடி பிள்ளை, என்ரை மூஞ்சையைப் பாக்காமல் நான் என்னெண்டு நம்பிறது?"

"உங்கட மூஞ்சை எங்கயும் ஓடாது அன்ரி. இருங்கோ."

"இருங்கோ" என்றதும் அன்ரி அழத் தொடங்கிவிட்டார். இலோனாவுக்குத் தெரிந்த தமிழ் மூன்றே சொல்: இருங்கோ, ஆடாதேங்கோ, சரியோ. அந்த மூன்றையும் வைத்து ஸ்காபரோவில் பாதிச் சனத்தின் தலையைக் கட்டி ஆண்டார்.

மாரிக்காவுக்குப் போன் எடுத்தேன். கல்கரியில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இருந்து ஞாயிறே சொல்லிவிட்டார்களாம்.

"சனிக்கிழமை அடக்கம். வருவீங்கள்தானே?" என்று இங்கிலிஷில் கேட்டேன்.

"தெரியாது."

"நாளைக்கு நான் தலை செய்யப் போறன். நீங்கள் வெள்ளிக்குள்ள வந்தால் பெட்டி மூட முதல் ஒருக்கால் பாக்கலாம். நான் கேட்டுச் சொல்லுறன்."

"அவதானே என்னை வர வேண்டாம் எண்டவ."

அது உண்மை. அன்று நான் தரையில் முடி கூட்டிக்கொண்டு நின்றேன். நாலு வயதுப் பிள்ளையான மாரிக்காவை ஆஸ்திரியா அகதி முகாமில் இருந்து தூக்கிக்கொண்டு கனடாவுக்கு வந்த கதையை இலோனா வாடிக்கைக்காரருக்கெல்லாம் சொல்லுவார். புருசன் அங்கேயே நின்றுவிட்டான். டவுண்டவுனில் யாரோ ஒருவர் கடையில் தலை கழுவி, கை வெடித்து, பிறகு இந்தக் கடை. பிள்ளை பின்னறையில் ட்ரையர் சூட்டில் வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தது. பத்தொன்பது வயதில் மூன்றாவது கதிரைக்கு வந்தது. பிறகு ஒருநாள், ஒருவரைப் பிடித்திருக்கிறது, கல்கரிக்குப் போகிறேன் என்றது. இலோனா கத்தரிக்கோலைக் கூட வைக்கவில்லை. "போனால் இந்தக் கதவுக்குள்ள காலை வைக்காதை." வாடிக்கைக்காரி ஒருத்தி தலையில் அரைவாசி வெட்டியபடி இருந்தாள். அவளுக்கு ஹங்கேரி மொழி விளங்கவில்லை. எனக்கும்தான். பிறகு இலோனாவே சொன்னார், தான் சொன்னதை. பெருமையாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கோப்பி போடப் போய்விட்டார்.

போனில் மாரிக்கா கடைசியாகக் கேட்டது: "கடை ஆன்சரிங் மெஷினில இருக்கிற அவவின்ரை குரல் இன்னும் இருக்கோ?"

இருக்கிறது என்றேன். வைத்துவிட்டாள்.

பிறகுதான் மெஷினைப் பார்த்தேன். திங்கள் ஒரு செய்தி. வெறும் மூச்சு, பிறகு கிளிக். திங்கட்கிழமை கடை பூட்டு. ஒவ்வொரு திங்களும் இப்படி ஒன்று வரும், வருடக்கணக்காக. செவ்வாய் காலை இலோனா அதைக் கடைசி வரைக்கும் கேட்பார். நான் அழித்துவிடட்டுமா என்றால், "விடு" என்பார். விளம்பரக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். இன்றும் அழிக்கவில்லை.


நவம்பர் 13, வியாழன்

குளிர். வெயில் கண்ணைக் குத்தியது.

கொண்டுபோனவை: சீப்பு மூன்று, சுருட்டிகள், ஸ்ப்ரே, வேருக்குப் பூசும் கத்தரிக்காய்ச் சிவப்புச் சாயம், அவருடைய சொந்தக் கத்தரிக்கோல், துவாய். வழமையான பையை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். அதுதான் பிழை. பிறகு எழுதுகிறேன்.

வெளிர்ப் பச்சை அறை. ஒரு பெடிச்சி, அங்கே வேலை செய்கிறவள், என்னை உள்ளே விட்டாள். முதலில் தரையைப் பார்த்தேன். பிறகு காலை. பிறகு கையை. கை அவருடையதுதான், சாய மை நகக் கண்ணில் இன்னும் இருந்தது. அதைக் கண்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது.

முகம் பார்த்தேன். கடவுளே. சின்னதாகப் போயிருந்தது. ஆனால் கோபம் இல்லை. நித்திரையும் இல்லை. காத்திருக்கிற முகம், தனக்கு முறை வரும் வரைக்கும்.

வேர் முழுக்க வெள்ளை. ஒருநாளும் வெள்ளை காட்டாத மனுசி. முதலில் அதைச் சரிசெய்தேன். தோல் குளிர்ந்தபடி இருந்தாலும் முடிக்கு ஒன்றும் தெரியாது. சீப்பு சொன்னபடி கேட்டது. சுருட்டியில் சுற்றும்போது பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது: "ஆடாதேங்கோ."

அந்தப் பெடிச்சி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினேன்.

முன்பக்கம், இரண்டு பக்கமும் முடிந்தது. தலை ஒரு கட்டையில் இருக்கிறது. "பின்னுக்குத் தேவையில்லை, தெரியாதுதானே" என்றாள் பெடிச்சி. இலோனாவைத் தெரியாதவள். முன்பக்கம் உனக்கு, பின்பக்கம் மற்றவனுக்கு, ஒரு இடத்தை விட்டுப் போகும்போது சனம் பார்க்கிறது பின்பக்கத்தைத்தான் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். பெடிச்சியை இரண்டு கையாலும் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பின்பக்கத்தையும் செய்தேன், வடிவாக, அவசரமில்லாமல்.

முடிந்தது. ஸ்ப்ரே அடித்தேன். துவாயை உதறினேன். பைக்குள் கை போனது.

கைக்கண்ணாடியை எடுத்து அவருடைய தலைக்குப் பின்னால் பிடித்தேன். பிறகு, முன்னால் கண்ணாடி இல்லையே என்று, அதையே முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தேன். "சரியோ?" என்று கேட்டேன்.

பதினொரு வருடம், ஒரு நாளில் எத்தனை தலை, ஒவ்வொரு தலைக்கும் கடைசியில் செய்கிறது. கை கேட்கவில்லை, செய்துவிட்டது.

கண்ணாடிக்குள் அவருடைய முகம் நின்றது. மூடின கண். நான் கடை முழுக்கக் கறுப்புத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, மூடாத ஒரே கண்ணாடியை என் கையாலேயே கொண்டுபோய் அவருடைய முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறேன்.

துவாயால் சுற்றிப் பைக்குள் போட்டேன். பஸ்ஸில் பை மடியில் கனத்தது.


நவம்பர் 14, வெள்ளி

வேலை. சரியான சனம். ஒன்றும் எழுத மனமில்லை.

கண்ணாடி விசயத்தை என் புருசனிடம் சொன்னேன். ஒஷாவா வெயர்ஹவுஸில் இருந்து வந்து சோற்றுக் கோப்பையோடு இருந்தார்.

"நீ அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறனி. ஹங்கேரிப் பேய்க்கு என்ன பயம்?"

"பேய் எண்டு நான் சொன்னனானே?"

"அப்ப என்ன?"

பேய் இல்லை. ஒருவரை அடைத்து வைத்துவிட்டேன் என்பதுதான். எங்களுக்கு இப்படி ஒரு வழக்கமும் இல்லை, எங்களுடைய பங்குச் சுவாமி இதைப் பற்றி ஒன்றும் சொன்னதும் இல்லை. ஆனால் செத்தது அவர். அவருடைய சாவுக்கு அவருடைய சட்டம்தான்.

பை இப்போது வீட்டில், உடுப்புக் கழுவுகிற அறையில், கூடைக்குப் பின்னால். மகள் ஷரன் இரண்டு தரம் கேட்டுவிட்டாள், ஏன் அங்கே வைத்தாய் என்று. சொன்னேன்.

"அம்மா, திஸ் இஸ் சோ க்ரீப்பி." பிறகு கொஞ்சம் யோசித்து, "பட் உங்களுக்கு ஷீ இஸ் ஸ்டில் தேர் எண்டு நினைச்சா, அது பேட் திங்கா?"

பத்தொன்பது வயது. வாய் நீளம். முடியும் இப்போது இடுப்பு வரைக்கும் நீளம். சின்னனில் இருந்து காதளவு வெட்டி வைத்திருந்தேன். ஹைஸ்கூல் போனதும் வளர்க்கத் தொடங்கிவிட்டாள். "அம்மா, பின்னி விடுங்கோவன்" என்று கேட்டாள் இன்றும். கை நோகிறது என்றேன். ஊரார் தலையெல்லாம் பின்னுகிற கை.

பொய். இவள் அப்படியே என் அக்கா. பெரியம்மா சொன்னது, உரித்து வைத்த மாதிரி என்று. இரட்டைப் பின்னல் போட்டால் அக்கா எழும்பி வந்துவிடுவா என்று பயம். அக்காதான் எனக்குத் தினமும் பின்னிவிட்டது, பள்ளிக்கூடம் போகமுதல், தலையை இழுத்து இழுத்து. ஊரில் கடைசி யுத்தத்தில் காணாமல் போனபோது அக்காவுக்கு முப்பத்தொரு வயது; கடற்கரைப் பக்கம் கண்டதாக ஒருவர், பங்கருக்குள் என்று இன்னொருவர், ஆமி பஸ்ஸில் ஏற்றினார்கள் என்று இன்னொருவர். உடல் இல்லை, நாள் இல்லை. அம்மா கண் மூடும் வரைக்கும் படத்துக்கு மாலை போட விடவில்லை. ஆன்மாக்கள் திருநாளுக்குக் கோயிலில் செத்தவர்களின் பெயர் கொடுக்கும்போது இந்த முறையும் அக்காவின் பெயரைக் கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்கான செபத்திலும் சொல்வதில்லை. நடுவில் எங்கேயோ நிற்கிறா.

ஏன் இதை எழுதுகிறேன். கண்ணாடியைப் பற்றித்தானே எழுத வந்தேன்.


நவம்பர் 15, சனி

அடக்கம். மழையும் ஸ்நோவும் கலந்து. சப்பாத்து நாசம்.

மாரிக்கா வரவில்லை. கடைசி வரைக்கும் கோயில் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை ஏற்றும்போதும். குழியிலும். ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் கழுத்துத் திரும்பியது.

தமிழ்ச் சனம்தான் அதிகம். புஷ்பம் அன்ரி வேட்டி கட்டின புருசனையும் கூட்டி வந்திருந்தார், அந்தக் குளிரில். நாலைந்து ஹங்கேரிக் கிழவிகள், எல்லாருடைய தலையும் இலோனா வெட்டின தலைகள். பின்வரிசையில் இருந்தே அடையாளம் தெரிந்தது.

ஒரு கிழவி என் கையைப் பிடித்தாள். "கண்ணாடியெல்லாம் மூடினியா?"

"மூடினனான்."

"எல்லாம்?"

தலையை ஆட்டினேன். கோயில் முற்றத்தில் நின்று பொய்.

"அப்ப அவள் நல்லபடி போய்ச் சேர்ந்திருப்பாள்" என்றாள். நல்ல மனுசி.


நவம்பர் 18, செவ்வாய்

வெயில். ஸ்நோ போய்விட்டது. உப்பு வாங்கிய நாளில் ஸ்நோ போகும், அது தெரிந்ததுதானே.

கறுப்புத் துணிகளைக் கழற்றினேன். துவைக்கப் போட்டேன். கடை பழையபடி கண்ணைத் திறந்துகொண்டது. முதல் கதிரைக்கு முன்னால் போகும்போது குனிந்து போகிறேன், அவருக்குக் கண்ணாடியை மறைக்காமல். பழக்கம்.

கைக்கண்ணாடிக்குப் பதில் டொலர் கடையில் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. முகம் வளைந்து தெரிகிறது. புஷ்பம் அன்ரி (மறுபடியும், இந்த முறை சாயம்): "என்னடி, என்ரை தலை பறங்கிக்காய் மாதிரித் தெரியுது. மற்றது எங்கை, அந்த மரப்பிடி வைச்சது?"

"உடைஞ்சு போச்சு அன்ரி."

இன்னொரு பொய். இந்தக் கண்ணாடியால் எத்தனை பொய்.

மெஷினில் திங்கள் செய்தி. மூச்சு. இந்த முறை நீளம். இலோனா செய்த மாதிரியே கடைசி வரைக்கும் நின்று கேட்டேன். கிளிக் கேட்கவில்லை. நேரம் முடிந்து மெஷின் தானே வெட்டியது.

விளம்பரக்காரர் இல்லை இது.

அப்போ இலோனாவுக்குத் தெரிந்திருக்கிறது. வருடக்கணக்காக. மகள் பூட்டின கடைக்குப் போன் எடுத்து அம்மாவின் குரல் கேட்கிறாள். அம்மா அடுத்த நாள் மகளின் மூச்சுக் கேட்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லை. மூன்று தமிழ்ச் சொல்லை வைத்து ஸ்காபரோவை ஆண்ட மனுசிக்கு.

கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. துவாயைச் சுவரில் அடித்தேன்.


நவம்பர் 20, வியாழன்

மாரிக்கா வந்தாள்.

பதினொரு மணி இருக்கும். கடையில் ஒருவரும் இல்லை. கதவுக்கு வெளியே ஒரு பெண், கறுப்பு ஜக்கெட், முடி அக்கறையில்லாமல் வளர்ந்து தோளில். நிற்கிறாள், உள்ளே வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். திரும்பினாள். இலோனாவின் தாடையும் நாடியும். இலோனாவின் அதே நெற்றி.

கதவைத் திறந்தேன். வாசற்படியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உள்ள காலை வைக்க வேண்டாம் எண்டவ."

என் வாயில் "இருங்கோ" என்று வந்தது, தமிழில். அவள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள், அந்தச் சொல்லை அவளுக்குத் தெரியும். உள்ளே வந்தாள்.

நேரே மூன்றாவது கதிரை. கைபிடியைத் தடவினாள். தூசு இல்லை என்று பார்த்திருப்பாள்.

வெள்ளி காலை கல்கரி எயார்போர்ட் வரைக்கும் வந்தாளாம். சூட்கேசும் கையுமாக. அங்கே இருந்து திரும்பிப் போய்விட்டாளாம். பிறகு திங்கள் மெஷினுக்குப் போன் எடுத்தாளாம். "அந்தக் குரலை அழிச்சிட வேண்டாம், பிளீஸ்." அழிக்க மாட்டேன் என்றேன்.

பிறகு கேட்டாள், "எப்பிடி இருந்தா?"

வேறு ஒருவரும் பார்க்கவில்லை. நான்தான். சொன்னேன். வேரில் வெள்ளை இருந்ததை, அதை மூடினதை. நகக் கண்ணில் மை. பின்பக்கத்தையும் விடாமல் செய்ததை. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், ஒவ்வொன்றையும் எங்கேயோ அடுக்கி வைக்கிறவள் மாதிரி. "கோபமாய் இருந்தாவோ?" இல்லை என்றேன். "தன்ரை முறை வரும் வரைக்கும் இருக்கிற ஆள் மாதிரி."

அழுதாள். தோள் மட்டும் குலுங்கியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. கண்ணாடியைச் சொன்னேன். கறுப்புத் துணி போட்டு எல்லாம் மூடினதை, பிறகு என் கை செய்த வேலையை. மன்னிப்புக் கேட்டேன். "உங்கட வழக்கத்தில அது பெரிய பிழை எண்டு எனக்குத் தெரியும். நான் உங்கட அம்மாவை அதுக்குள்ள பிடிச்சு வைச்சிட்டன் எண்டு நினைக்கிறன்."

ஏசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எங்கை அது?"

இன்று காலை பையைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தேன், ஏன் என்று தெரியாமலே. வீட்டில் வைக்க ஏலாமல். கொடுத்தேன். துவாயை அவளே பிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். மரப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாடி. அந்த நெற்றி. கண்ணாடிக்குள்ளும் வெளியேயும்.

"பிழை இல்லை," என்றாள். "நான் வரும் வரைக்கும் நீங்கள் அவவை மறிச்சு வைச்சிருந்திருக்கிறியள்."

பிறகு அவர்களுடைய மொழியில் கண்ணாடியோடு பேசத் தொடங்கினாள். முதலில் மெதுவாக. பிறகு சத்தமாக, சண்டை பிடிக்கிற குரலில். பிறகு மறுபடியும் மெதுவாக. கேட்கக் கூடாது என்று நான் பின்னறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன். சுடுதண்ணி முடியும் வரைக்கும் நின்றேன். ஒரு சொல் விளங்கியிருக்காது, தெரியும். ஆனாலும்.

அங்கே நின்றபோதுதான் அக்காவை நினைத்தேன். யாராவது ஒரு மடைச்சி, பழக்கத்தில், தெரியாமல், அக்காவின் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடியைப் பிடித்திருந்தால். எந்தக் கடற்கரையிலாவது. அந்த மடைச்சியின் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

நான் வெளியே வந்தபோது மாரிக்கா பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். குளிர் உள்ளே வந்தது. ஆன்மா போக வழி விட வேண்டுமாம். கண்ணாடியை ஜன்னல் கட்டையில் வெளியே பார்க்க வைத்திருந்தாள். இருவரும் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றோம். பார்க்கிங்கில் ஒருவர் வண்டில் நிறைய மரக்கறி தள்ளிக்கொண்டு போனார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஜன்னலைப் பூட்டிவிட்டுக் கேட்டாள், "என்ரை தலையை வெட்டுவியளோ? அவவுக்குச் செய்த மாதிரி."

மூன்றாவது கதிரையில் வெட்டினேன். நுனியெல்லாம் வெடித்திருந்தது, சொல்லவில்லை. முடிந்ததும் கைக்கண்ணாடியை எடுத்தேன். பின்னால் பிடித்தேன்.

தன் பின்கழுத்தை நீண்ட நேரம் பார்த்தாள்.

"சரி," என்றாள் தமிழில். இலோனாவின் சரியோவில் இருந்த அதே சரி.

கண்ணாடியைக் கொண்டு போங்கோ என்று நீட்டினேன். வேண்டாம் என்றாள். "வீட்டில இருக்க அவவுக்கு எப்பவும் பிடிக்காது. கடையில இருக்கட்டும்." கோப்பி குடித்துவிட்டுப் போனாள். நல்ல காலம் கோப்பி வாங்கியது.


நவம்பர் 21, வெள்ளி

மழை. பல்ப் இன்னும் வாங்கவில்லை.

ஷரனுக்கு வகுப்பு இல்லை. கடைக்கு வந்தாள், சாப்பாடு கொண்டு. மூன்றாவது கதிரையில் போய் இருந்து ஃபோனை நோண்டினாள். எழும்பு என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை.

பின்னால் போய் நின்று அவளுடைய முடியை இரண்டாகப் பிரித்தேன். ஃபோனை வைத்துவிட்டாள்.

"கை நோகேல்லையா?"

"நோகேல்லை."

அக்கா பின்னுகிற மாதிரி, காதுக்குப் பின்னால் இருந்து இறுக்கி. இரட்டைப் பின்னல். கண்ணாடிக்குள் பார்க்காமலே முடித்தேன். பிறகு கைக்கண்ணாடியை எடுத்து அவளுக்குப் பின்னால் பிடித்து, நிமிர்ந்து முன் கண்ணாடிக்குள் பார்த்தேன்.

இருக்கிறா. முப்பத்தொரு வயது அக்கா இல்லை, எனக்குப் பின்னிவிட்ட அந்த வயது அக்கா.

"அம்மா? வை ஆர் யூ க்ரையிங்? ஜஸ்ட் ஒரு பின்னல்தானே." தலையைத் திருப்பப் போனாள்.

"ஆடாதே," என்றேன். "கொஞ்ச நேரம் ஆடாதே."